சராசரியில் சிக்காத பை

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வளையல், தட்டு, டிபன் பாக்ஸ் மூடி ஆகியவற்றை நூலால் அளந்து, சுற்றளவை விட்டத்தால் வகுக்கச் சொன்னேன். 3.2, 3.25, 3.3 என்றே விடைகள் வந்தன. வகுப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தும், இந்த விகிதமான பையின் (π) மதிப்பு 3.14 வரவில்லை. சில பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எண்ணைத் திருத்திவிட்டார்கள். இப்படி அளக்கவைப்பதில் பயன் உண்டா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயன் உண்டு, அது நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. பிழைகள் கூடியும் குறைந்தும் கலந்து வந்தால்தான் சராசரி அவற்றைச் சமன்செய்யும். இங்கே அவை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகளான நாண்களில் மிக நீளமானது விட்டம் என்பதால், அளவுகோலை மையத்திலிருந்து சற்றே விலக்கி வைக்கும் பிள்ளைக்கு விட்டம் குறைவாகத்தான் கிடைக்கும். வளையலின் உள்விட்டத்தை அளந்துவிட்டு வெளிப்புறத்தில் நூலைச் சுற்றினாலும், தளர்வாகச் சுற்றிய நூலை அளவுகோலில் இழுத்துப் பிடித்தாலும் விடை ஏறவே செய்யும். 6 செ.மீ. விட்டமுள்ள வளையலில் விட்டம் 2 மி.மீ. குறைந்தாலே 3.25 வந்துவிடும். ஆகவே, திருத்திய எண்களைப் பழையபடி எழுதச் சொல்லி, எல்லாம் ஏன் ஒரே பக்கம் ஒதுங்கின என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

மூடியை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு இடையில் வைத்து, அவற்றின் இடைவெளியை அளந்தால் நாண் தொல்லை தீரும். பிறகு மைதானத்தில் கயிறும் முளைக்குச்சியும் கொண்டு 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். அங்கே சுற்றளவில் 3 செ.மீ. பிசகினாலும் விடை 0.01 அளவுக்குக்கூட மாறாது.

எல்லா வட்டங்களுக்கும் விகிதம் ஒன்றே, அது மூன்றைவிடச் சற்றுக் கூடுதல் என்பதுவரைதான் நூலால் அளப்பது காட்டும். 22/7-க்கும் பைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.0013; எந்த வளையலும் அதைப் பிரித்துக் காட்டாது. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பலகோணங்களை அமைத்து, பை 3 10/71-க்கும் 3 1/7-க்கும் இடையில் உள்ளது என்று கணக்கிட்டே கண்டார். 499-இல் ஆரியபடர் தந்த 62832/20000 என்பதையும் தோராயம் என்று சொல்லியே தந்தார். பை விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண், என்பதை 1761-இல் கணிதவியலர் லாம்பெர்ட் நிறுவினார்.

பரப்பளவுக்கு வரும்போது அளவுகோலை மூடிவைத்துவிடலாம். காகித வட்டத்தைச் சமமான வட்டக்கோணப் பகுதிகளாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றி அடுக்கினால், பாதிச் சுற்றளவு நீளமும் ஆரத்தின் உயரமும் கொண்ட ஏறத்தாழ ஓர் இணைகரம் கிடைக்கும். அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கு என்று பழைய தமிழ்க் கணக்குப் புத்தகமான கணக்கதிகாரம் சொல்லும் விதி இதுவே. 8 துண்டுகளில் விளிம்பு அலை அலையாக இருக்கும், 32-இல் ஏறக்குறைய நேராகிவிடும். ஆனால் வகுப்பு முழுவதும் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருக்கும் நாளில் 16 போதும்.