வலு இல்லாதது கையில், பயிற்சி காலுக்கா?

கேள்வி: வணக்கம் அம்மா. என் அம்மாவுக்கு 71 வயது. கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இப்போது ஊறுகாய் போத்தல் மூடியைத் திருகப் பேரனைக் கூப்பிடுகிறார். துணியைப் பிழிந்து போட்டாலும் கொடியில் தண்ணீர் சொட்டுகிறது. கிளினிக்கில் ஒரு கருவியை அழுத்தச் சொல்லி, 14 கிலோ என்றார்கள். நான் ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். அவர்களோ நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகச் சொல்கிறார்கள். கைக்கு வலு இல்லை என்றால் காலுக்கு எதற்குப் பயிற்சி?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கிளினிக்கில் சொன்னதுதான் சரி, தங்கச்சி. பந்து கிடக்கட்டும், நாடகம் பார்க்கும்போது அழுத்தட்டும். ஆனால் காய்ச்சல் கருவியை ஐஸ் தண்ணீரில் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடாது. உடம்பு முழுக்கத் தசை எப்படி இருக்கிறது என்பதைக் கை பிடிக்கும் வலு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முதுமையில் தசை தளர்வதை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, அந்தப் பிடி பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் பலவீனம். நம் மலேசியாவும் சேர்ந்த 17 நாடுகளின் ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். பயந்துவிடாதீர்கள். பிடி தளர்வதால் ஆள் சாவதில்லை, உள்ளே தளர்ந்திருப்பது கையில் தெரிகிறது.

நான் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலத்தில் தோட்டத்துப் பாட்டிகள், "மரம் வெட்டுன கைம்மா, இதுக்கு என்ன வந்துச்சு?" என்பார்கள். வெட்டியது கை மட்டுமா? விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, நிரை நிரையாக மேடு பள்ளம் ஏறி, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, பால் வாளியைத் தூக்கி நடந்தது கால், தொடை, முதுகு. வேலை நின்றதும் முதலில் கரைந்தது அதுதான். அன்றைய உழைப்பை இன்றைக்கு எடுத்துச் செலவழிக்க முடியாது.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் காலும் தளர்ந்திருக்கிறது. முடியவில்லையா, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் ஆரம்பிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம் சாப்பாடு. காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், மத்தியானம் ரசம் சோறும் என்றால் தசை எங்கிருந்து வரும்? முட்டை, நெத்திலி, பருப்பு, சோயாவில் செய்த தவ்வு, தெம்பே ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது மணிக்கட்டு நரம்புச் சங்கதி, தனியாகக் காட்டுங்கள். திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் விழுந்தாலோ வாய் கோணினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதே கருவி, அதே கை. கருவி மாறினால் கிலோவும் கொஞ்சம் மாறும்.