தண்ணீர்ப் போத்தல் ஏன் நிறைந்தே திரும்பி வருகிறது?

கேள்வி: என் மகள் தரம் 8 இல் படிக்கிறாள். படிப்பில் குறை சொல்ல முடியாது. தவணை விடுமுறையில் ஒரு சி.ஆர். கொப்பியில் நகைச்சுவை நாவல் எழுதத் தொடங்கினாள். வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து பாடசாலை விதி ஒன்றை எதிர்ப்பதுதான் கதை. பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தைப் பாட நேரத்தில் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் வைத்துக்கொள்வார்கள். இடைவேளை 20 நிமிடம் மட்டும் திறப்பார்கள். யாரோ தண்ணீர்க் குழாயை உடைத்த பிறகு அவளுடைய பாடசாலையில் உண்மையாகவே கொண்டுவரப்பட்ட விதி இது. கதையில் வரும் அதிபர் யார் என்று வாசிக்கும் எவருக்கும் விளங்கும். கொப்பி வகுப்பில் கைமாறித் திரிகிறது. என் கணவரும் இதே வலயத்தில் ஆசிரியர், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். கொப்பியை எரித்துவிடு என்கிறார். நான் அவளைக் கவனிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் தண்ணீர்ப் போத்தலைக்கூட நானே நிரப்பிக் கொடுப்பேன். அவள்தான் குடிக்காமல் அப்படியே கொண்டு வருவாள், நான் அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவிடுவேன். இப்படி வளர்த்த பிள்ளைக்கு இந்த எதிர்ப்புக் குணம் எங்கிருந்து வந்தது? எப்படி நிறுத்துவது? அவளுக்குத் தெரியாமல் சில பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, பிள்ளை எதிர்த்துப் பேசுகிறாள், கெட்டுப்போய்விடுவாளோ என்று கேட்கும் கடிதங்கள் ஒவ்வொரு தவணையும் எனக்கு வருகின்றன. வயதுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் நாவலைப் பற்றியும் அதிபரைப் பற்றியும் கணவரின் இடமாற்றத்தைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, உங்கள் கவனிப்புக்குச் சாட்சியாக ஒரே ஒரு வரியில் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எத்தனை மாதமாக அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறீர்கள்? கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களிலும் போத்தல் நிறைந்துதான் வந்ததா? காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை, போகவரச் செல்லும் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் மேலாக, எங்கள் ஊர் வெயிலில் ஒரு பிள்ளை மிடறு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருகிறாள் என்றால், அவளுக்குத் தாகம் எடுக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? குடித்தால் போக வேண்டி வரும், போவதென்றால் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க எழுந்து நின்று கேட்க வேண்டும், அந்தப் பாடம் ஆண் ஆசிரியருடையதாக இருந்தால் நாக்கே எழாது, கேட்ட பிறகும் அலுவலகத்துக்குப் போய்த் திறப்பு வாங்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்த்து, குடிக்காமல் இருப்பதே சுகம் என்ற முடிவுக்கு உங்கள் மகள் வந்திருக்கிறாள். தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் அடக்கி வைத்திருந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தலையிடியும் வரும் என்பதை எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார். மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடையோடு அவள் என்ன பாடுபடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டீர்கள். பிள்ளை பெரிய பிள்ளையானால் பந்தல் போட்டு, அட்டை அடித்து, வீடியோ எடுத்து ஊரைக் கூட்டுகிற நாங்கள், அதற்கு அடுத்த மாதம் அவள் பாடசாலையில் எங்கே போவாள் என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. இதைச் சொன்னால் என்மேல் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களை வாசித்தேன். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பே ‘நிறைபோத்தல் விருது’. பரிசளிப்பு விழாவில், மூன்று தவணையும் ஒரு மிடறுகூடக் குறையாமல் போத்தலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு சென்ற மாணவிக்குக் கேடயம் வழங்கப்படுகிறது. பெற்றார் வரிசையிலிருந்து அம்மா எழுந்து நின்று கைதட்டுகிறார். இதை வாசித்த பிறகுமா, தங்கச்சி, எதிர்ப்புக் குணம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறீர்கள்? கதைக்குள் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறாள். அதிபரை மட்டும் அடையாளம் கண்டுகொண்ட நீங்கள், கைதட்டுகிற அம்மா யார் என்று பார்க்கவில்லை.

அதே அத்தியாயத்தில் அந்தப் பிள்ளைகள் விதியை மீறுவதேயில்லை. அட்சரம் பிசகாமல் பின்பற்றியே அதை நாறடிக்கிறார்கள். ஒவ்வொரு அவசரத்துக்கும் முறைப்படி விண்ணப்பம் எழுதுகிறார்கள். ‘ஊடாக: வகுப்பாசிரியர், பகுதித் தலைவர். விடயம்: மலசலகூடம் செல்வதற்கு அனுமதி கோரல். மேற்படி அவசரம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்…’ என்று தொடங்கும் விண்ணப்பத்துக்கு அடுத்த நாள் மூன்றாம் பாடத்தில் பதில் வருகிறது: ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அதுவரை பொறுத்தருளவும்.’ நான் வாய்விட்டுச் சிரித்தேன். கந்தோர்க் கடிதங்களின் நடையை இவ்வளவு துல்லியமாகக் காதில் வாங்கி வைத்திருக்கும் பிள்ளையைத் திருத்த அல்லவா வழி கேட்கிறீர்கள்!

குறை இல்லாமலில்லை. அதிபர் காலை இழுத்து இழுத்து நடப்பதை அவள் மூன்று இடத்தில் கேலி செய்திருக்கிறாள். அது வெட்டப்பட வேண்டும், அவள் கையாலேயே வெட்டப்பட வேண்டும். ஒருவர் போட்ட விதியைச் சிரிக்கலாம். உடம்பின் ஊனத்தைச் சிரிப்பது தமிழ்ச் சினிமா எங்களுக்குப் பழக்கிவிட்ட மலிவுச் சரக்கு. அதிபரின் பட்டப்பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். எழுத்து விடயமாகவும் ஒன்று சொல்கிறேன்: அவள் படைத்த அதிபர் வெறும் முட்டாளாக இருக்கிறார், முட்டாளை வெல்வதில் சுவாரசியம் இல்லை. உடைந்த குழாயால் தாங்கி ஓர் இரவில் காலியாகியிருக்கும், துப்புரவுக்கு ஆள் இருந்திருக்காது, செலவுக்குக் காசும் இருந்திருக்காது. அந்த மனிதருக்கும் ஒரு நியாயத்தைக் கொடுத்து, அதற்குப் பிறகும் பிள்ளைகள் வெல்வதாக எழுதினால் நாவல் இதைவிட நன்றாக வரும்.

இனி உங்கள் கணவர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை இன்றைக்கும் மேடைகளில் சொல்லிக் கலங்குகிற சமூகத்தில், ஓர் ஆசிரியர் தன் சொந்த மகளின் கொப்பிக்கு நெருப்புக் கேட்கிறார். இடமாற்றம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம் எனக்கு விளங்காமல் இல்லை. அரசாங்க உத்தியோகத்தை நம்பிய குடும்பங்களுக்குள்தான் நானும் வாழ்கிறேன். ஆனால் அவர் நாள் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்பவர். பாட நேரத்தில் ஒரு மாணவி கூசிக் கூசி எழுந்து நின்றால் அதன் அர்த்தம் என்ன என்பது உங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்த தகப்பன் பேசாமல் இருந்ததனால்தான் தெரியாத பிள்ளை கதை எழுத வேண்டி வந்தது. ஆசிரியைகளின் மலசலகூடமும் பாட நேரத்தில் பூட்டியா இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு குடும்பத்தில் சுமையைப் பெரியவர்கள் தூக்க வேண்டும் என்பதில் நான் பழைய காலத்து ஆள். நீங்கள் இருவரும் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை, எழுத ஆளில்லாதபடியால், பிள்ளை நாவலாக எழுதியிருக்கிறாள். பெற்றார் என்ற முறையில் நீங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எவ்வளவு காசு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவதற்காக அந்தச் சங்கம் ஏற்படுத்தப்படவில்லை. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் 1989 இல் நிறைவேற்றப்பட்டு, 1991 இல் இலங்கையும் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அதன் 12 ஆம் உறுப்புரையும், பாடசாலை ஒழுங்கு பிள்ளையின் மானத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 28 ஆம் உறுப்புரையும் சொல்கின்றன. திறப்பை அலுவலகத்தில் தொங்கவிடும் விதி இந்த இரண்டுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு தாய் மரியாதையாகக் கேட்டால் எந்த அதிபரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளமாட்டார்.

ஆகவே இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை உண்டு. முதலில் கணவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, போத்தலைப் பற்றி மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை இருவரும் குறுக்கே பேச வேண்டாம். பிறகு உங்கள் இருவரின் கையொப்பத்துடன் அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் நாவலைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. குழாயைப் பெற்றார் சேர்ந்து திருத்தித் தருவதாகவும், திறப்பு ஓர் ஆசிரியையின் பொறுப்பில் வகுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்றும் எழுதுங்கள். தீர்வையும் கையோடு கொண்டுபோகிறவரை அதிபர் எதிரியாகப் பார்க்கமாட்டார். உங்களைப் போலவே நிறைந்த போத்தலை வாங்கி வைக்கும் மற்றத் தாய்மாரையும் கையொப்பமிடச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்குள் மறுமொழி இல்லையென்றால் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பாடசாலைகளின் சுகாதார வசதியைப் பார்ப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ. மாரின் வேலையும்தான். மலசலகூடத் திருத்தத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டதா என்று அறிய வேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அந்தத் தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

கடைசியாக, பிள்ளைக்குத் தெரியாமல் கொப்பியைப் பிரதி எடுத்தது தவறு; அதை அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்கள், விண்ணப்பக் கட்டு மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு வலயக் கல்விப் பணிப்பாளரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தோடு நின்றுவிட்டன. அவள் சம்மதித்தால் மட்டும் ஐந்தாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். பணிப்பாளர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.