மெதுவடையை மாடல் செய்ய உரிமக் கட்டணமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உணவுப் பொருள்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் தத்ரூபமாக உருவாக்கும் வேலையைக் கற்க ஆசைப்படுகிறாள். ஒரு பயிற்சி மையம் மூன்று மாதத்துக்கு 38,000 ரூபாய் கேட்டது. அதில் 9,000 ரூபாய் ‘பிளெண்டர் மென்பொருள் உரிமக் கட்டணம்’ என்று சொல்லி அதை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டார்கள். அந்த மென்பொருள் இலவசம் என்று இப்போதுதான் தெரிந்தது. வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. பணத்தைக் கேட்டால், ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பிளெண்டருக்கு உரிமக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. 2002-இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் டோன் ரோசன்டால், ஏழே வாரங்களில் பயனாளர்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மென்பொருளின் மூல நிரலை (அதை இயக்கும் அடிப்படை நிரல் வரிகளை) முதலீட்டாளர்களிடமிருந்து மீட்டார். அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது எல்லோருக்கும் பொது. தனிச் சாவி, ஆண்டுச் சந்தா எதுவும் இல்லை. அதில் நீங்கள் உருவாக்குவதை விற்கவும் தடையில்லை. இப்படி ஊர் கூடி மீட்ட ஒன்றின் பெயரைச் சொல்லி ஒரு மாணவியிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

சொல்லித்தருவதற்கு அவர்கள் கட்டணம் கேட்கலாம், அது அவர்கள் உழைப்பு. இல்லாத உரிமத்துக்குக் கேட்பது வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மொழியில் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. பயிற்சி மையங்கள் இச்சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் கூறியிருக்கிறது. உண்மைக்கு மாறாகச் சொல்லி வாங்கிய பணத்துக்கு ரசீதில் அச்சிட்ட ஒரு வரி அரணாக நிற்காது என்பதே என் கருத்து.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்த உரிமம், யாரிடம் வாங்கியது, அதன் பில் எங்கே என்று கேளுங்கள்; பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளிலேயே பணம் திரும்பிவிடும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

இனி மகளின் ஆசைக்கு வருகிறேன். உலகெங்கும் பிளெண்டர் கற்பவர்கள் முதலில் செய்து பார்ப்பது ஒரு டோனட். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ பிரைஸ் ‘பிளெண்டர் குரு’ என்ற யூடியூப் சேனலில் அதை இலவசமாகவே கற்றுத்தருகிறார். டோனட் முடிந்ததும் அதே வளைய வடிவத்தை எடுத்து மெதுவடை செய்யச் சொல்லுங்கள். மேலே சாக்லேட் பூச்சு இல்லாததால் எதையும் மறைக்க முடியாது. மொறுமொறுப்பான சொரசொரப்பையும், ஓரத்தில் சற்றுக் கூடுதலாகச் சிவந்த நிறத்தையும் கைப்படக் கொண்டுவந்தாக வேண்டும். முறுக்குக்குச் சுருள் கோடு ஒன்றை வரைந்து, நட்சத்திர வடிவத்தை அதன் குறுக்குவெட்டாகக் கொடுத்தால் போதும். நம் முறுக்குக் குழலின் அச்சு செய்யும் வேலையும் அதுதான். டம்ளருக்கு, பக்கவாட்டில் தெரியும் வடிவத்தின் ஒரு பாதிக் கோட்டை மட்டும் வரைந்து நடு அச்சைச் சுற்றிச் சுழற்றிவிட வேண்டும். எவர்சில்வர் பளபளக்க, பிரதிபலிக்கச் சுற்றிலும் ஏதாவது இருக்க வேண்டுமே. அதற்கான சூழல் படங்கள் ‘பாலி ஹேவன்’ தளத்தில் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து.

கடினமானது இட்லிதான். வெளிச்சம் இட்லியின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளே புகுந்து, சிதறி, வெளியே வருகிறது. மென்பொருளில் ‘சப்சர்ஃபேஸ்’ என்ற அளவை அதற்கேற்ப வைக்காவிட்டால் இட்லி சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும். இலவச மென்பொருளில் உண்மையான வேலை நடக்குமா என்று யாராவது கேட்டால், 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் பிளெண்டரில்தான் உருவானது என்று சொல்லுங்கள்.

இந்த நான்கையும் அவள் செய்து முடித்த பிறகும் வகுப்பு வேண்டும் என்றால் சேர்த்துவிடுங்கள். அப்போது ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. முப்பரிமாண வேலைக்கு 1,20,000 ரூபாய் மாடல்தான் சரிப்படும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போது வேண்டாம். பிளெண்டர் தளமே சொல்லும் குறைந்தபட்ச அளவு 8 ஜிபி ராம், நான்கு கோர் உள்ள பிராசசர், 2 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம். பரிந்துரைக்கும் அளவு 32 ஜிபி ராம், 8 கோர், 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம். ஒரு தட்டு வடைக்கு உங்கள் கணினி தாங்கும். ரெண்டர் ஆக, அதாவது மாடலைக் கணினி இறுதிப் படமாக மாற்ற, நேரமெடுக்கும், அவ்வளவுதான். முதல் செலவாக, நடுவில் சக்கரம் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று வாங்குங்கள். பிளெண்டரில் காட்சியைச் சுழற்றுவது அந்தச் சக்கரத்தை அழுத்தித்தான். டச்பேடில் பழகப் பார்த்து, இது நமக்கு வராது என்று ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அடுத்து, கூடுதல் ராம் போட இடமிருக்கிறதா அல்லது போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருநாள் புதியது வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ‘பிளெண்டர் ஓப்பன் டேட்டா’ தளத்தில் அதில் உள்ள கிராஃபிக்ஸ் அட்டையின் வேக மதிப்பெண்ணைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் மடிக்கணினியில் வரும் அட்டை, மேசைக் கணினியில் உள்ளதைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் வேகமும் குறையும். விலைப்பட்டியலில் இதை யாரும் எழுதிவைப்பதில்லை.

கேள்வி: பேக்கரி விளம்பரம் ஒன்றுக்காக இணையத்தில் பிஸ்கட் மாடல் ஒன்றை விலைக்கு வாங்கினேன். காசு கொடுத்துவிட்டதால் எப்படியும் பயன்படுத்தலாம்தானே?
– வாசகர், சேலம்

பதில்: அப்படியில்லை. உரிமப் பகுதியில் ‘எடிட்டோரியல்’ என்று இருந்தால் செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும்தான். விளம்பரத்தில் போடக் கூடாது. ‘ராயல்டி ஃப்ரீ’ (ஒருமுறை விலை கொடுத்தால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை) என்று இருந்தாலும், பிஸ்கட்டின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் அந்த வணிகச் சின்னம் விற்றவருடையது அல்ல; எழுத்தை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் மாயா போன்ற மென்பொருளில் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால், அந்த உரிமம் கூலி வேலைக்குச் செல்லாது என்பதையும் பேக்கரிக்காரரிடம் பணம் வாங்கும் முன் கவனியுங்கள்.