சேவைக் கருவிகளின் கியூசெக்ஆஃபர் கடவுச்சொல் தெரியாதபோது

வணக்கம். ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் கியூசெக்ஆஃபராக (தலைமைப் பாதுகாப்பு அதிகாரியின் கணக்கு) உள்நுழைய முடிகிறது, ஆனால் சேவைக் கருவிகளுக்குள் (வட்டு, வன்பொருள் பராமரிப்புக்கான தனி நிரல்கள்) அதே கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்றும், முன்பு பொறுப்பில் இருந்தவர் எதையும் எழுதி வைக்காமல் விலகிவிட்டார் என்றும் கூறியிருந்தீர்கள். ஐபிஎம் ஐ கணினியில் இவை பெயரில் மட்டுமே ஒன்று. இயங்குதளப் பயனர் கணக்கு வேறு, எஸ்எஸ்டி (இயங்குதளத்துக்குள்ளிருந்து திறக்கும் சேவைக் கருவிகள்) மற்றும் டிஎஸ்டி (கன்சோல் எனும் கட்டுப்பாட்டு முனையத்திலிருந்து திறக்கும் சேவைக் கருவிகள்) பயன்படுத்தும் சேவைக் கருவிப் பயனர் அடையாளம் வேறு.

உங்கள் நிலைமை கைமீறிப் போகவில்லை. இயங்குதளத்தில் கியூசெக்ஆஃபராகவே உள்நுழைந்து, சிஎச்ஜிடிஎஸ்டிபிடபிள்யூடி கட்டளையில் கடவுச்சொல் மதிப்பாக டிஃபால்ட் என்பதை முன்னால் நட்சத்திரக் குறியுடன் கொடுத்தால், சேவைக் கருவிகளின் கியூசெக்ஆஃபர் கடவுச்சொல் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பும். அந்த மதிப்பு அதே பெயர்தான், முழுவதும் பெரிய எழுத்துகளில். அது காலாவதியான நிலையில் இருக்கும் என்பதாலும், காலாவதியான இயல்புக் கடவுச்சொல்லை எஸ்எஸ்டி வழியாக மாற்றுவதற்கான அனுமதி வழக்கமாக மூடப்பட்டிருக்கும் என்பதாலும், கன்சோலில் டிஎஸ்டி வழியாகச் சென்று உடனே புதியதை அமையுங்கள். உலகறிந்த இந்தக் கடவுச்சொல்லை ஒரு நாள்கூட விட்டுவைக்க வேண்டாம். வட்டுகளின் அமைப்பையே மாற்றும் அதிகாரம் அதற்கு உண்டு.

டிஎஸ்டி கடவுச்சொல் கையில் இருந்தால் இயங்குதளக் கடவுச்சொல்லையும் அங்கிருந்து மீட்டமைக்கலாம். இரண்டும் ஒருசேரத் தொலைவதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே, இதே உரிமைகளுடன் வேறு பெயரில் இன்னொரு சேவைக் கருவி அடையாளத்தை இன்றே உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் வேறொரு பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.