மேடையில் அரசியல் பேசினால் ரசிகர்களுக்குள் ஏன் சண்டை?
வாசகர் கேள்வி - பதில்

நம் கடலோரத்திலிருந்து கிளம்பிச் சென்னையில் பெயர் வாங்கிய ஒரு ஸ்டாண்ட் அப் கலைஞர், கருவாட்டுக் குழம்பையும் சம்பந்தி சண்டையையும் விட்டுவிட்டு இப்போது அரசியல் பேசுகிறார். திட்டியும் கொண்டாடியும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சில வீடுகளிலிருந்து இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. கலைஞரின் பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

தங்கச்சிமடம் வாசகர்: குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துப் போனோம். கச்சத்தீவு, கூட்டணி, தேர்தல் என்றே ஓட்டிவிட்டார். சிரிக்க வந்தவனுக்கு எதற்கு அரசியல்? என் மச்சானோ, "இப்பதான் மனுசன் உருப்படியா பேசுறாரு" என்கிறான். யார் சொல்வது சரி?

நீங்கள் சிரிப்பை அளக்கிறீர்கள், மச்சான் கருத்தை அளக்கிறார். அதனால்தான் பேச்சு முடியவே மாட்டேன் என்கிறது. ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய பழைய வீடியோவில் ஏதாவது ஐந்து நிமிஷம், புதியதில் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, கூட்டம் வாய்விட்டுச் சிரித்த இடங்களை மட்டும் எண்ணுங்கள். கைதட்டலைச் சேர்க்க வேண்டாம். தேறிய கலைஞருக்கு நிமிஷத்துக்கு மூன்று, நான்கு சிரிப்பு விழும். கதையாகச் சொல்பவருக்கு இரண்டு விழுந்தாலும் போதும். புதியதில் அது ஒன்றாகக் குறைந்து, அந்த இடத்தைக் கைதட்டல் நிரப்பியிருந்தால் உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கை குறையவில்லை என்றால், உங்களுக்குப் பிடிக்காதது அவர் எடுத்த கட்சிதான். அது வேறு வழக்கு.

ஏற்கெனவே நம்பியதை ஒருவர் உரக்கச் சொன்னால் கை தட்டுவோம். எதிர்பாராதது வந்து விழுந்தால்தான் சிரிப்போம். அரசியலுக்குள் வரும் கலைஞர் முதலில் ஏமாறுவது இந்தக் கைதட்டலிடம்தான். சத்தம் பெரிதாகக் கேட்கிறதே, வேலை நடக்கிறது என்று நினைத்துவிடுவார்.

அமெரிக்காவில் மார்ட் சால் என்பவர் 1950களில் கையில் செய்தித்தாளோடு மேடை ஏறி அரசியல் நகைச்சுவைக்கு வழி போட்டவர். கென்னடியின் தேர்தல் பிரச்சாரத்துக்கு ஜோக் எழுதிக் கொடுத்தார். கென்னடி ஜெயித்த மறுகணம் கென்னடியையே கிண்டலடிக்கத் தொடங்கினார். கூட இருந்தவர்களே கோபித்துக்கொண்டார்கள். அதையும் அவர் தாங்கினார். கவிழ்ந்தது அதற்குப் பிறகு. கென்னடி கொலையை விசாரித்த வாரன் குழுவின் அறிக்கையை மேடையில் பக்கம் பக்கமாக வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் கரைந்தது, வருமானமும் போனது. இன்னொரு அமெரிக்க மேடைக் கலைஞர் லென்னி புரூஸும் கடைசிக் காலத்தில் தன் வழக்கின் நீதிமன்றப் பதிவுகளை மேடையில் படித்துக்கொண்டிருந்தார். ஆளும் கட்சியை அடித்ததால் இவர்களுக்குக் கூட்டம் போகவில்லை. ஜோக் கட்டுவதை நிறுத்தியதால் போனது.

அதே நாட்டு நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் கதை எதிர்ப்பக்கம். 1970 வாக்கில் கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு முடி வளர்த்தார். லாஸ் வேகாஸ் ஹோட்டல் மேடையை இழந்தார், கல்லூரிப் பிள்ளைகளைப் பிடித்தார். பழைய ரசிகர்களில் ஒரு பகுதி போகத்தான் செய்யும். போனவர்களைச் சமாதானப்படுத்தப் பாதி நேரம், வந்தவர்களுக்குப் பாதி நேரம் என்று பிரித்தால் இரண்டு பேரும் கொட்டாவிதான் விடுவார்கள்.

டிக்கெட் காசு? போஸ்டரில் ஒன்று போட்டுவிட்டு வேறு நிகழ்ச்சி நடத்தியிருந்தால் கேட்கலாம். "புது நிகழ்ச்சி" என்று மட்டும் போட்டிருந்தால் கேட்க வழியில்லை.

பாம்பன் வாசகி: மீனவர் கைது பற்றி அவர் பேசிய பகுதிக்குச் சென்னையில் அரங்கமே அதிர்கிறது. அதையே இங்கே சொன்னபோது ஒரு சத்தம் இல்லை. எங்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவா?

குறைவில்லை, தகவல் அதிகம். அந்தப் பகுதியில் "தடைக்காலம் வந்தா அறுபது நாள் கடல்ல ஒரு படகு கிடையாது" என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும். அந்த நேரத்தில் நாட்டுப்படகு மீனுக்கு என்ன விலை போகிறது என்று தெரிந்த ஊரில் இந்த வரி அங்கேயே படுத்துவிடும். அடுத்து, "1976ல கச்சத்தீவைக் கொடுத்தாங்க" என்கிறார். தீவு பற்றிய ஒப்பந்தம் 1974. 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைக்கோடு பற்றியது. இரண்டு தப்பு காதில் விழுந்ததும் கூட்டம் சிரிப்பதை விட்டுவிட்டுத் திருத்த ஆரம்பித்துவிடும். ஊர்க்காரரே ஆனாலும் பத்து வருஷம் சென்னையில் இருந்தால் இது நடக்கும். மேடை ஏறுமுன் படகுத் துறையில் அரைமணி நேரம் நின்றிருந்தால் போதும்.

இன்னொன்று, அவர் சொன்னது ஜோக்காகவே இல்லை: "மீனவனைப் பிடிக்கிறான், இவங்க லெட்டர் எழுதுறாங்க, எதுவும் நடக்கல." சென்னையில் இதற்குக் கை தட்டினார்கள். உங்களுக்கு இது தினசரிச் செய்தி. அதே சரக்கை இப்படிக் கட்டிப் பாருங்கள்:

"படகைப் பிடிச்சிட்டாங்கன்னு லெட்டர் போட்டோம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது'ன்னு பதில் வந்துச்சு. அடுத்த மாசம் இன்னொரு படகு. லெட்டர் போட்டோம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.' எங்க அப்பத்தா கேக்குது: 'ஏலே, லெட்டரு மட்டும் எங்கேயும் மாட்டாம போயி வருதுல்ல? பேசாம படகு மேல ஸ்டாம்பு ஒட்டி விட்டா என்ன?'"

சிரிப்பு அடங்குமுன் ஒரு ஒட்டு: "இப்ப அந்த ஸ்டாம்புல எந்தத் தலைவர் படம்னுதான் சண்டை."

சொன்ன கருத்தில் மாற்றமே இல்லை. ஆனால் ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னதால் மூன்றாவதுக்குக் காது தயாராகிறது. அங்கே அப்பத்தா குறுக்கே வருகிறாள். கோபம் கலைஞருடையது, வாய் அவளுடையது, அதனால் பிரசங்க வாடை இல்லை. கட்சிப் பெயர் வராததால் இரண்டு கட்சிக்காரரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

கீழக்கரை வாசகர்: மதுரையில் ஓபன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறிச் சில நிமிஷம் பேசும் மேடை) பேசத் தொடங்கியிருக்கிறேன். அரசியல் எவ்வளவு கலக்கலாம்?

ஐந்து நிமிஷ மேடை என்றால் ஒரு நிமிஷம். ஒரு மணி நேர நிகழ்ச்சி வரை வந்த பிறகும் முதல் வருஷத்தில் 15 நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்து நிமிஷம் தொடவே கூடாது. ஆள் யார் என்று தெரியுமுன் கருத்தைக் கேட்டால் எந்தக் கட்சி என்றுதான் தேடுவார்கள். இருபதாவது நிமிஷத்துக்கு மேல் வைத்தால், அதற்குள் உங்களோடு பதினைந்து தடவையாவது சிரித்திருப்பார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள்.

எழுதும்போது கோபத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதை மேடையில் சொல்லக் கூடாது, அது அடித்தளம் மட்டும். பிறகு அந்தக் கோபம் நடக்கும் இடத்தைத் தேடுங்கள்: ரேஷன் கடை வரிசை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, தேர்தலுக்கு முந்தின வாரம் மட்டும் போடும் ரோடு. கூட்டணி மாறியது, தலைவர் வாய் தவறியது போன்றவை இரண்டு வாரத்தில் ஊசிப்போகும். மனு கொடுக்கும் வரிசை எந்த ஆட்சியிலும் இருக்கும், ஜோக்கும் இருக்கும்.

"எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்" என்று முடிப்பது சோம்பேறித்தனம். யாரும் கோபிக்க மாட்டார்கள், நினைவிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்த முடிவை அடியுங்கள், ஓட்டுப் போட்டவரை அடிக்காதீர்கள். ஓட்டுப் போட்டவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் டிக்கெட் எடுத்தவர். சாதிப் பெயரை வைத்து இந்த மாவட்டத்தில் எந்த ஜோக்கும் வேண்டாம். அதில் விவாதத்துக்கே இடமில்லை.

பெரிய வம்பு வருவது பெரும்பாலும் ஷார்ட்ஸ் எனும் துண்டு வீடியோவில்தான். 40 விநாடி வெட்டும்போது முன்கதை போய்விடும், கிண்டலாகச் சொன்னது நேர்ப் பேச்சாக நிற்கும். அப்பத்தா சொன்னதாக வரும் வரியில் "அப்பத்தா கேக்குது" என்பதும் அதே மூச்சில் இருக்கட்டும், எங்கே வெட்டினாலும் கூடவே வரும். முழு வீடியோவையும் அதே நாளில் ஏற்றுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: இப்படிப் பேசினால் கேஸ் போடுவார்களா? முன்கூட்டியே போலீசிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

போடலாம், போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்ட் அப் கலைஞர் முனவ்வர் ஃபாருக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு கலைஞர் குணால் கம்ரா மும்பையில் பாடிய நையாண்டிப் பாட்டுக்காக அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள், அவர் மீது வழக்கும் பதிந்தார்கள். விழுப்புரத்தில் வசிப்பவர் என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுவாக வரும் பிரிவுகள்: பிரிவினரிடையே பகை மூட்டுவதற்கு 196, மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 299, பொது அமைதியைக் கெடுக்கும் பேச்சுக்கு 353, அவதூறுக்கு 356. காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே மார்ச் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் ஆரம்ப விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. எதைக் கேட்டாலும் பதறுகிறவரின் காதை வைத்துப் பேச்சை அளக்கக் கூடாது என்றும் சொன்னது. வக்கீலிடம் போனால் இந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

நாடகப் பிரதியைப் போலீசுக்குக் காட்டச் சொன்ன 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைப் பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எனவே ஜோக்கை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிகழ்ச்சி முழுவதையும் வெட்டாமல், கூட்டத்தின் சத்தத்தோடு பதிவு செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். இந்தூர் வழக்கில் ஃபாருக்கி அப்படிப் பேசினாரா இல்லையா என்பதே சண்டையாக இருந்தது.

தொண்டி வாசகர்: திருவிழா நாடகத்தில் பபூன் காலங்காலமாக அரசியல் பேசவில்லையா? இதென்ன புதுசு?

புதுசில்லை. நாடக நடிகர் விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தில் வெள்ளைக் கொக்கைப் பாடி வெள்ளைக்காரனைச் சீண்டினார், பல தடவை சிறை போனார், 1940-ல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பபூன் விடிய விடிய நடக்கும் கதைக்கு நடுவே வந்து போகிறவர். சீண்டியது பிடிக்காவிட்டால் அடுத்து வள்ளி வந்துவிடுவாள். தனி ஆளாக ஒரு மணி நேரம் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. பபூனிடம் கற்க வேண்டியது இன்னொன்று: முதலில் தன்னையும் மிருதங்கக்காரரையும் கிண்டலடித்துவிட்டுத்தான் ஊர்த் தலைவரிடம் போவார்.

மண்டபம் வாசகர்: ரசிகர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். தினம் அடிதடி. எவனோ போட்டதற்கு நான் மாட்டுவேனா?

அட்மினாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. நீங்களும் சேர்ந்து பரப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முழு வீடியோ இணைப்பு இல்லாமல் துண்டு வீடியோ போடக் கூடாது என்று ஒரே விதி வையுங்கள். புது வீடியோ வந்த அன்று இரவு பத்து மணிக்கு "அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றிவிட்டு, காலையில் திறந்துவிடுங்கள். பாதிச் சண்டை தூக்கம் கெட்டதால் வருவது.

ராமேஸ்வரம் வாசகர்: அவரையே அழைத்து இங்கே நிகழ்ச்சி நடத்த ஆசை. எப்போது வைக்கலாம்?

செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை என்று மாவட்டத்தில் வழக்கமாகத் தடை உத்தரவு இருக்கும். முன்பு அது 144-வது பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 163-வது பிரிவு. அரசியல் நிகழ்ச்சிக்கு அப்போது யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தடைக்காலத்தில் ஆள் கிடைப்பார்கள், கையில் காசு இருக்காது. டிக்கெட் விலையைப் பாதியாக்க முடிந்தால் மே மாதம் நல்லது, இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

கிழமை முக்கியம். சனிக்கிழமை வைப்பது சென்னைப் பழக்கம். இங்கே சனிக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகும் நாள். ஞாயிறு மாலை வைத்தால் கரையில் இருப்பார்கள், திங்கள் மறுபடி போக வேண்டும் என்பதால் ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, மூடிய மண்டபத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடற்கரையில் மேடை போட்டால் காற்று மைக்கில் அடிக்கும், ஜோக்கின் கடைசிச் சொல் பின் வரிசைக்குப் போய்ச் சேராது. கல்யாண மண்டபமே பிடியுங்கள். மின்விசிறிச் சத்தத்தை மட்டும் மதியமே போட்டுக் கேட்டுவிடுங்கள்.