பிள்ளைகளுடன் தனியே வாழத் தொடங்கும் தாய்மார்களுக்குக் குடும்பநல வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி (திண்டுக்கல்): கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டண பாக்கியைக் காட்டிப் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறது. மகன் மூன்றாம் வகுப்பிலும் மகள் ஆறாம் வகுப்பிலும் சேர வேண்டும்.

பதில்: சான்றிதழுக்காகக் காத்திருக்காமல், அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரை இந்த வாரமே பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால், கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறும் தகுதியும் கிடைக்கும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மணவிலக்கு ஆகாமல் ஜீவனாம்சம் கேட்க முடியுமா? அவர் கோவையில் இருக்கிறார். அங்கே அலைய என்னிடம் பணமில்லை.

பதில்: முடியும், சகோதரி. என்னிடம் வருபவர்களில் பலர் மணவிலக்கு முடியட்டும் என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டே வருகிறார்கள். இந்தப் பொறுமையால் இழப்பு அவர்களுக்குத்தான். ஏனெனில், ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கேட்காமல் விட்ட தொகையாகிவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. நீங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே மனு போடலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தாக்கள் அதை நீட்டும் என்பது நடைமுறை. இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டியிருப்பதால், அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் போன்றவை கைவசம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வருமான வரம்பு ஏதுமின்றிப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழக்கறிஞரை நியமிப்பார்கள்.

கேள்வி (சேலம்): மூன்று வயது மகனைப் பறித்துக்கொள்வேன் என்று கணவர் மிரட்டுகிறார். நாங்கள் இந்துக்கள்.

பதில்: ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. வன்முறையும் இருந்தால், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் குழந்தையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடும் ஆணையும் பாதுகாப்பு ஆணையும் ஒரே மனுவில் கேளுங்கள். அவசரமென்றால் பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழையுங்கள். ஆபத்தில்லாத நிலையில் தந்தை பிள்ளையைப் பார்ப்பதை மட்டும் தடுக்காதீர்கள்; பிற்பாடு நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எதிராகவே பேசப்படும்.

கேள்வி (நாகர்கோவில்): மகளின் கடவுச்சீட்டுக்குத் தந்தையின் கையொப்பம் கிடைக்காது. என்ன செய்வது?

பதில்: ஒரு பெற்றோரின் சம்மதம் கிடைக்காத நிலைக்கென்றே ‘இணைப்பு சி’ என்ற உறுதிமொழிப் படிவம் உள்ளது. காரணத்தை உள்ளபடி எழுதிக் கையொப்பமிட்டு, விண்ணப்பத்துடன் கொடுங்கள்.