பினியனை முதலில் அளந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் ஃபவுண்டரியில் 10 டன் இ.ஓ.டி. கிரேன் (மேலே தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடுவது), 18 வருடம் ஓடியது. தயாரித்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. போன மாதம் ஹாய்ஸ்ட் (சுமையைத் தூக்கி இறக்கும் பகுதி) பிரேக்கின் லைனர், அதாவது டிரம்மை அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டை, வர மூன்று வாரம் ஆனது. எல்லா ஸ்பேரும் வாங்கி வைக்க முதலாளி பணம் தரமாட்டார். எதை வாங்கி வைப்பது?
- வாசகர், கோவை

பதில்: விலையை வைத்துப் பட்டியல் போடாதீர்கள். அது கெட்டால் கிரேன் நிற்குமா, கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும், இந்த இரண்டையும் பாருங்கள். கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) காயில், லிமிட் சுவிட்ச் (எல்லை வந்ததும் ஓட்டத்தை நிறுத்துவது), பேரிங் எல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைப்பவை. ஒவ்வொன்று கையில் இருந்தால் போதும்.

எனக்குப் பயம் ஹாய்ஸ்ட் கியர்பாக்ஸின் பினியன் ஷாஃப்ட்தான். பினியன் என்பது பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அதன் பல் உடைந்தது. வரைபடம் இல்லை. உடைந்ததை வைத்தே அளவெடுத்து, பல் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் முடித்து மாட்ட 40 நாள். அத்தனை நாளும் கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக்கில்தான் தூக்கினோம். அதில் ஒரு பையனின் விரல் நசுங்கியது. இன்றும் அது மனதை விட்டுப் போகவில்லை. வருகிற தீபாவளி விடுமுறையில் கியர்பாக்ஸைத் திறந்து பற்களை எண்ணி, விட்டம், அகலம், கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) எல்லாம் அளந்து வரைபடம் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு பினியன் செய்தும் வையுங்கள்.

வயர் ரோப்பை மாதம் ஒருமுறை வெர்னியரால் அளந்து நோட்டில் எழுதுங்கள். எதிரெதிர் புரிகளின் (ரோப்பாக முறுக்கிய கம்பிக் கொத்துகளின்) மேட்டில் வைத்து அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும். நாலைந்து மாதத்தில் தேயும் வேகம் பிடிபடும், அப்புறம் எப்போது ஆர்டர் கொடுப்பது என்பது தானே தெரியும். 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 29, 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் கிரேனை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்றது. அந்தச் சோதனைத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டைப் புரட்டிப் பார்த்து ஸ்பேர் சொல்லிவிடுங்கள்.

லைனருக்குக் கிரேன் கம்பெனியை நம்பியிருக்க வேண்டாம். பிரேக் டிரம் விட்டத்தை அளந்து, 200, 250, 300 மி.மீ. என்று பிரேக் செய்பவர்களிடம் சொன்னாலே கிடைக்கும். ஒரு செட் எப்போதும் இருக்கட்டும்.

சரி, அந்த மூன்று வாரமும் கிரேனை நிறுத்தினீர்களா, தேய்ந்த லைனரோடு ஓட்டினீர்களா? நீங்கள் எழுதவில்லை. உருகிய இரும்போடு லேடில் (உருகிய உலோகம் சுமக்கும் பாத்திரம்) தூக்கும் கிரேன் என்றால், லைனர் தேய்ந்து அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை டிரம்மில் உரசும் முன்பே நிறுத்திவிடுங்கள். முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.